உள்ளாட்சிகளின் டீசலுக்கு மாநில வரி: யார் சுமக்கும் சுமை?

ஊராட்சியின் தண்ணீர் லாரியும், நகராட்சியின் குப்பை லாரியும், மாநகராட்சியின் கழிவுநீர் உறிஞ்சு ஊர்தியும் எரிபொருள் நிரப்பும்போது, சொகுசுக் கார் வைத்திருப்பவர் செலுத்தும் அதே விகிதத்தில்தான் மாநில வரி செலுத்துகின்றன. குடிநீர் தருவதும் குப்பை அகற்றுவதும் உள்ளாட்சிகளின் கடமை என்று அரசு சட்டம் இயற்றியிருக்கிறது. அந்தக் கடமைக்கான வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதே அரசு வரியும் வாங்குகிறது. இந்த வரியிலிருந்து உள்ளாட்சிகளுக்கு விலக்கு அளிக்க வேண்டுமா, அதற்குச் சட்டத்தில் இடமுண்டா, அளித்தால் பயன் யாருக்குப் போய்ச் சேரும் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். கேட்பதற்கு வறண்ட வரிக் கணக்காகத் தோன்றலாம். ஆனால் மலக்குழிக்குள் இயந்திரம் இறங்குகிறதா, மனிதர் இறங்குகிறாரா என்ற கேள்வியோடு இக்கணக்கு பிணைந்திருக்கிறது.

வரி எங்கிருந்து வருகிறது?

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஆகிய ஐந்தும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன. இவற்றை எந்த நாளிலிருந்து அந்த வரிக்குள் கொண்டுவருவது என்று பரிந்துரைக்கும் பொறுப்பை, அரசமைப்புச் சட்டத்தின் 279அ உறுப்பு சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்திடம் விட்டிருக்கிறது. அதுவரை, ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 54ஆம் இனத்தின்படி, இவற்றின் விற்பனை மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களிடமே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த வரி, 2007 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு மதிப்புக் கூட்டு வரிச் சட்டம், 2006-இன் கீழ் வசூலிக்கப்படுகிறது. 2020 மே மாதம் வரை டீசலுக்கு 25 விழுக்காடும் பெட்ரோலுக்கு 34 விழுக்காடும் வரி இருந்தது. அம்மாதத்தில் முறை மாற்றப்பட்டது. டீசலுக்கு 11 விழுக்காட்டுடன் லிட்டருக்கு 9.62 ரூபாய் என்றும், பெட்ரோலுக்கு 15 விழுக்காட்டுடன் லிட்டருக்கு 13.02 ரூபாய் என்றும் வரி அமைந்தது. 2021 ஆகஸ்டில் பெட்ரோல் மீதான வரி மட்டும் 13 விழுக்காடும் 11.52 ரூபாயுமாகக் குறைக்கப்பட்டது. டீசலுக்குக் குறைப்பு இல்லை. குப்பை லாரியும் தண்ணீர் லாரியும் ஓடுவது டீசலில் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. விழுக்காட்டு வரி, விலை குறைந்தால் தானும் குறையும். நிலையான தொகை குறையாது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் எவ்வளவு மலிந்தாலும், ஊராட்சி நிரப்பும் ஒவ்வொரு லிட்டரிலும் 9.62 ரூபாய் மாநிலக் கருவூலத்துக்குப் போயே தீரும்.

ஒன்றிய அரசின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. 2022 மே மாதக் குறைப்புக்குப் பின் டீசல் மீதான ஒன்றியக் கலால் வரி லிட்டருக்கு 15.80 ரூபாயாக இருந்தது. அதில் மாநிலங்களுடன் பகிரத்தக்க அடிப்படைக் கலால் வரி 1.80 ரூபாய் மட்டுமே. மீதமுள்ளவை மேல்வரி, சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயர்களில் ஒன்றியத்திடமே தங்கிவிட்டன. இந்த அநீதியைத் தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட நிதிநிலை வெள்ளை அறிக்கையில் சுட்டிக்காட்டியது. அது சரியான வாதம். அந்த வாதத்தை ஊராட்சிகள் மாநிலத்தை நோக்கித் திருப்பினால் மாநிலம் என்ன பதில் சொல்லும் என்பதே நமது கேள்வி.

ஒரு லாரியின் கணக்கு

ஒரு பேரூராட்சியின் தண்ணீர் லாரி நாளொன்றுக்கு 20 லிட்டர் டீசல் வீதம் ஆண்டில் 300 நாள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6,000 லிட்டர். வரிக்கு முந்தைய விலை, கலால் வரியும் சேர்த்து, லிட்டருக்கு 70 ரூபாய் என்று கொண்டால், 11 விழுக்காடு 7.70 ரூபாய். நிலையான 9.62 ரூபாயையும் சேர்த்தால் லிட்டருக்கு 17.32 ரூபாய் மாநில வரி. ஓராண்டில் ஒரே லாரிக்கு 1,03,920 ரூபாய். ஊராட்சிகளில் பணியாற்றும் தூய்மைக் காவலர்களின் மாத மதிப்பூதியம் 3,600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதைப் பெரிய சாதனையாகக் கேட்டிருக்கிறோம். இந்த ஒரு லாரியின் வரி, அந்த 5,000 ரூபாய்க் கணக்கில் ஒரு தூய்மைக் காவலரின் இருபது மாத மதிப்பூதியத்தை விட அதிகம்.

இந்தத் தொகை திரும்பி வருவதில்லையா என்று கேட்கலாம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு, மாநில நிதி ஆணையங்களின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. எனவே நமது லாரி செலுத்திய 1,03,920 ரூபாயில் ஏறத்தாழ 10,392 ரூபாய் உள்ளாட்சிகளுக்குத் திரும்புகிறது. அதுவும் வரி செலுத்திய அதே பேரூராட்சிக்கு அன்று. மாநிலத்தின் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளும் எல்லா நகர்ப்புற அமைப்புகளும் பங்கிட்டுக்கொள்ளும் தொகுப்புக்கு. ரூபாய்க்கு ஒன்பது பங்கு மாநிலத்திடமே நின்றுவிடுகிறது.

இன்னொரு திருப்பமும் உண்டு. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021–26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு, குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிடத்தக்க கட்டுண்ட மானியம். அந்தத் தொகையிலிருந்து டீசல் வாங்கப்பட்டால், சுகாதாரத்துக்கென்று வந்த பணத்தின் ஒரு பகுதி வரியாக மாறி மாநிலத்தின் பொதுக் கருவூலத்துக்குச் சென்றுவிடுகிறது.

அரசமைப்புச் சட்டம் காப்பாற்றுமா?

ஓர் அரசு இன்னோர் அரசின் மீது வரி விதிக்கலாகாது என்ற கொள்கை நமது அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது உள்ளாட்சிகளை எட்டவில்லை. ஒன்றியத்தின் சொத்துகளுக்கு மாநில வரியிலிருந்து 285ஆம் உறுப்பு விலக்கு அளிக்கிறது. மாநிலத்தின் சொத்துக்கும் வருவாய்க்கும் ஒன்றிய வரியிலிருந்து 289ஆம் உறுப்பு விலக்கு அளிக்கிறது. மாநில வரியிலிருந்து உள்ளாட்சிக்கு விலக்களிக்கும் உறுப்பு எதுவும் இல்லை.

நீதிமன்றங்களும் இந்த விலக்குகளைக் குறுக்கியே வாசித்துள்ளன. 1963-இல் கடல் சுங்கச் சட்டம் குறித்த குடியரசுத் தலைவர் வினாவுக்கு விடையளித்த உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு, 289ஆம் உறுப்பு சொத்தின் மீதான நேரடி வரிக்கே பொருந்தும், சுங்கம், கலால் போன்ற வரிகளுக்குப் பொருந்தாது என்றது. 2006-இல் ஆதித்யபூர் தொழிற்பகுதி வளர்ச்சி ஆணைய வழக்கில், மாநிலம் உருவாக்கிய அமைப்பாயினும் தனிச் சட்ட ஆளுமை உடையது மாநிலம் ஆகாது என்று தீர்ப்பானது. அடிப்படை உரிமைகளுக்காக 12ஆம் உறுப்பில் உள்ளாட்சியும் ‘அரசு’தான். வரி என்று வரும்போது அது மற்றுமொரு நுகர்வோர் ஆகிவிடுகிறது.

ஆகவே நீதிப்பேராணை கேட்டு உயர் நீதிமன்றம் செல்வது இங்கே சிறந்த வழி அன்று. வரிவிலக்கு அரசின் கொள்கை முடிவு என்பதால், விலக்கு அளிக்குமாறு கட்டளையிட நீதிமன்றங்கள் பொதுவாக முன்வருவதில்லை. கதவு வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்நாடு மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, அறிவிக்கை மூலமாகவே வரிவிலக்கோ வரிக்குறைப்போ அளிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்குத் தருகிறது. புதிய சட்டம் தேவையில்லை, சட்டத்திருத்தமும் தேவையில்லை. அரசு மனம் வைத்தால் போதும்.

இது ஏன் தலித் மக்களின் கேள்வி?

கையால் மலம் அள்ளும் தொழிலாளர் பணியமர்த்தத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013-இன் 7ஆம் பிரிவு, பாதுகாப்பற்ற முறையில் கழிவுநீர்ச் சாக்கடையையும் மலக்குழியையும் துப்புரவு செய்ய ஆள் இறக்குவதைத் தடை செய்கிறது. 33ஆம் பிரிவு ஒருபடி மேலே சென்று, தகுந்த தொழில்நுட்பக் கருவிகளைப் பயன்படுத்துவதை ஒவ்வொரு உள்ளாட்சியின் கடமையாக்குகிறது. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் நேர்ந்த மலக்குழி மரணங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது.

சட்டம் கேட்பது இயந்திரம். இயந்திரம் கேட்பது டீசல். உறிஞ்சு ஊர்தி ஊருக்கு வந்து போகவும், அதன் எக்கி கழிவை உறிஞ்சவும், அதைச் சுத்திகரிப்பு நிலையம் வரை சுமந்து செல்லவும் எரிபொருள் தேவை. வண்டி வாங்க ஒருமுறை மானியம் கிடைக்கலாம். ஓட்டும் செலவு ஒவ்வொரு நாளும் உள்ளாட்சியின் தலையில் விழுகிறது. வண்டி நின்றால் மாற்று வழியாக ஒரு மனித உடல் தேடப்படுகிறது. அந்த உடல் எந்தச் சாதிக்கு உரியதாக இருக்கும் என்பதை இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. மனிதருக்குப் பதிலாக இயந்திரத்தை இறக்கு என்று கட்டளையிடும் அரசு, அந்த இயந்திரம் ஓடும் எரிபொருளுக்கு வரி வாங்குவது தன் கட்டளையைத் தானே பலவீனப்படுத்துவதாகும்.

குடிநீரின் கதையும் இதுவே. ஊரின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் முறையாக வந்து சேராத ஆதிதிராவிடர் குடியிருப்புகள் கோடையில் லாரித் தண்ணீரை நம்பியிருக்கின்றன. டீசல் பட்டியல் நிலுவையில் நிற்கும்போது எந்தத் தெருவுக்கான நடை முதலில் நிறுத்தப்படும் என்பதைச் சாதி தீர்மானிக்கிறது.

தலித் ஊராட்சித் தலைவர்களின் நிலையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996 முதல் 2006 வரை தனித்தொகுதித் தேர்தலே நடத்த முடியவில்லை. இன்று தலைவர் நாற்காலியில் அமர்ந்தாலும், ஊராட்சிக் காசோலையில் துணைத் தலைவரும் கையொப்பமிட்டாக வேண்டும். ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த துணைத் தலைவர் கையொப்பமிட மறுத்து ஊராட்சியை முடக்கிய நிகழ்வுகள் பல மாவட்டங்களில் பதிவாகியுள்ளன. இத்தகைய தலைவருக்குப் புதிதாக வரி விதித்து வருவாய் பெருக்கும் சூழல் கிடையாது. கையில் இருக்கும் சொற்பப் பணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே அவருடைய ஆட்சியின் அளவுகோல். எரிபொருள் வரி அந்தத் தூரத்தைக் குறைக்கிறது.

முன்னுதாரணங்கள் உள்ளன

நாம் கேட்பது புதுமையானது அன்று. கடலுக்குச் செல்லும் மீன்பிடிப் படகுகளுக்கு ஆண்டுக்கு இத்தனை லிட்டர் என்ற உச்சவரம்புடன் விற்பனை வரி விலக்கு பெற்ற டீசலைத் தமிழ்நாடு அரசு பல ஆண்டுகளாக வழங்கி வருகிறது. பயனாளியை அடையாளம் காணவும், அளவைக் கட்டுப்படுத்தவும், கணக்கு வைக்கவும் அரசுக்குத் தெரியும் என்பதற்கு அத்திட்டமே சான்று.

சரக்கு மற்றும் சேவை வரியிலும் இக்கொள்கை ஏற்கப்பட்டுள்ளது. அரசமைப்புச் சட்டத்தின் 243ஜி, 243டபிள்யூ உறுப்புகளின் கீழ் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பணிகளுக்காக அவற்றுக்கு வழங்கப்படும் தூய சேவைகளுக்கு 2017 முதல் விலக்கு உண்டு. வருமான வரிச் சட்டம், 1961-இன் 10(20) பிரிவு உள்ளாட்சிகளின் வருவாய்க்கு விலக்கு அளித்தது. எரிபொருள் மட்டும் விதிவிலக்காக நிற்கிறது.

அமெரிக்காவில் கூட்டரசு பெட்ரோல் மீது காலனுக்கு 18.4 சென்ட்டும் டீசல் மீது 24.4 சென்ட்டும் வரி விதிக்கிறது. மாநில அரசுகளும் உள்ளாட்சிகளும் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் எரிபொருளுக்கு அந்த வரியில் ஏறத்தாழ முழு விலக்கு உண்டு. மாநில வரியைப் பொறுத்தவரை அங்கும் ஒரே நடைமுறை இல்லை. சில மாநிலங்கள் உள்ளாட்சிகளுக்கு விலக்கு அளிக்கின்றன, சில செலுத்திய வரியைத் திருப்பித் தருகின்றன, சில வசூலிக்கவே செய்கின்றன.

2013 ஜனவரியில் மொத்தக் கொள்முதல் டீசலுக்கு ஒன்றிய அரசு தனி விலை வைத்தபோது, மக்களுக்கான பேருந்தை வணிக நுகர்வோராக நடத்துவதா என்ற எதிர்ப்பு இங்கே எழுந்தது. அரசுப் பேருந்துகள் சில்லறை விற்பனை நிலையங்களில் டீசல் நிரப்பிக்கொண்டன. பொதுச்சேவைக்கான எரிபொருளும் தனியார் எரிபொருளும் ஒன்றல்ல என்பதை அன்றே உணர்ந்த மாநிலம் இது.

எதிர்வாதங்கள்

முதலாவது, வருவாய் இழப்பு. பெட்ரோல், டீசல் மீதான வரி மாநிலத்தின் கையில் எஞ்சியிருக்கும் சில சொந்த வருவாய் வழிகளில் ஒன்று என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மாநிலத்தின் மொத்த எரிபொருள் விற்பனையில் உள்ளாட்சி வண்டிகளின் பங்கு சிறியது. கருவூலத்துக்குச் சிறிதாகத் தெரியும் தொகை, ஊராட்சிக்குப் பெரிது.

இரண்டாவது, முறைகேடு. விலக்கு பெற்ற டீசல் தனியார் வண்டிக்குப் போகாதா? போகலாம். அதனால்தான் விற்பனை நிலையத்தில் விலைக் குறைப்பைவிட, செலுத்திய வரியைத் திருப்பித் தரும் முறையே பொருத்தமானது. சட்ட அமைப்பும் அதையே வேண்டுகிறது. பெட்ரோலும் டீசலும் மாநிலத்துக்குள் முதல் விற்பனை நிலையிலேயே வரி விதிக்கப்படுபவை. வரியை எண்ணெய் நிறுவனம் கட்டிவிடுகிறது. விற்பனை நிலையத்துக்கு வரும்போது வரி விலைக்குள் கரைந்திருக்கிறது.

மூன்றாவது வாதம் நமது தரப்பிலிருந்தே எழ வேண்டியது, மற்ற இரண்டையும் விட வலுவானது. விலக்கு, டீசல் மிகுதியாகச் செலவிடும் பெரிய மாநகராட்சிகளுக்கே மிகுதியாகப் பயன்படும். மின்கல வண்டி மட்டும் வைத்திருக்கும் சிற்றூராட்சிக்கு ஒன்றும் கிடைக்காது. மேலும், குப்பை அகற்றும் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்ட நகரங்களில் விலக்கின் பயன் ஒப்பந்ததாரரின் இலாபமாகிவிடக் கூடும். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் போராடியது அந்தத் தனியார்மயத்தை எதிர்த்துத்தான். அவர்களின் வேலைப் பாதுகாப்பைப் பறித்தவர்களுக்கு வரிச்சலுகை போய்ச் சேருவதை நாம் ஏற்க முடியாது.

இதோடு ஓர் அடிப்படை எச்சரிக்கையும் உண்டு. கிராமத்தை இலட்சியமாக்கும் அரசியலை அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் கடுமையாக மறுத்தார். உள்ளாட்சிக்குப் பணம் சேர்ந்தால் சேரிக்கும் சேரும் என்பது தானாக நிகழ்வதன்று. நிபந்தனை இல்லாத விலக்கு, ஊர்த் தெருவுக்கு இன்னொரு நடை கூடுதலாகத் தண்ணீர் விடுவதோடு முடிந்துபோகலாம்.

எப்படி அமைய வேண்டும்?

இந்த எச்சரிக்கைகளை ஏற்று நாம் முன்வைக்கும் வடிவம் இது.

ஒன்று, குடிநீர், திடக்கழிவு, கழிவுநீர், மலக்கழிவு அகற்றல் ஆகிய பணிகளுக்காக உள்ளாட்சியின் பெயரில் பதிவான வண்டிகளுக்கு மட்டும், செலுத்திய மாநில வரி காலாண்டுதோறும் திருப்பித் தரப்பட வேண்டும். தலைவர், ஆணையர் ஆகியோரின் கார்களுக்கு இது பொருந்தலாகாது.

இரண்டு, ஒப்பந்ததாரரின் வண்டிகளுக்கு விலக்கு கூடாது.

மூன்று, திரும்பி வரும் தொகை தனிக் கணக்கில் வைக்கப்பட்டு, தூய்மைப் பணியாளரின் பாதுகாப்புக் கருவிகளுக்கும் ஊதியத்துக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளின் குடிநீருக்கும் முதலில் செலவிடப்பட வேண்டும். இவ்விரு பிரிவினருக்கான நிதி ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2024-இல் இயற்றியிருக்கிறது. அதன் நோக்கத்துக்கு இது முரணன்று.

நான்கு, டீசல் வண்டி இல்லாத சிற்றூராட்சிகளுக்கு ஈடான ஒரு நிலையான தொகை, மாநில நிதி ஆணையப் பகிர்வில் சேர்க்கப்பட வேண்டும்.

ஐந்து, வண்டிவாரியாக லிட்டர், தொகை, சென்ற தெரு ஆகியவை கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். எந்தத் தெருவுக்கு எத்தனை நடை சென்றது என்ற ஒரு பட்டியல், தீண்டாமையை எந்த அறிக்கையை விடவும் தெளிவாகக் காட்டிவிடும்.

நாம் செய்யக்கூடியவை

முதல் வேலை கணக்கெடுப்பு. தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005-இன் 6(1) பிரிவின் கீழ், தமது ஊராட்சி அல்லது நகராட்சி கடந்த மூன்று நிதியாண்டுகளில் எந்தெந்த வண்டிக்கு எத்தனை லிட்டர் டீசல் வாங்கியது, எந்த நிதித் தலைப்பிலிருந்து செலவிட்டது, வண்டி எத்தனை நாள் எரிபொருளின்றி நின்றது என்ற விவரங்களை மாணவர்கள் கேட்கலாம். வண்டிகளின் ஓட்டப் பதிவேட்டு நகலையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தெருவாரிக் கணக்கு அதில்தான் இருக்கும்.

இரண்டாவது, தீர்மானம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரியைத் திருப்பித் தரக் கோரும் தீர்மானத்தை எந்த வாக்காளரும் முன்மொழியலாம்.

மூன்றாவது, ஆறாவது மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைக் காலம் 2022–27. அடுத்த ஐந்தாண்டுக்கான பகிர்வு பற்றிய பேச்சில், சேகரித்த கணக்குகளோடு மனு அளிக்க வேண்டும். நிதி ஆணையங்களின் முன் மாநகராட்சிகளின் குரல் கேட்கிறது. சேரியின் தண்ணீர்க் கணக்கை நாம்தான் கொண்டுசேர்க்க வேண்டும்.

வரிவிலக்கு சாதியை ஒழித்துவிடாது. உறிஞ்சு ஊர்தி ஓடினாலும், அதை ஓட்டி வருபவரும் குழாயைப் பிடிப்பவரும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்ற கேள்வி எஞ்சியே இருக்கும். ஆயினும் வண்டி ஓடிய நாளில் ஒரு மனிதர் மலக்குழிக்குள் இறங்காமல் உயிருடன் வீடு திரும்புகிறார். அந்த வண்டி டீசல் இல்லாமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கோரிக்கையை முன்வைக்கிறோம்.